சர்வர் ஃபோல்டரில் பழைய ஃபைல்களைத் தானாக அழிப்பது: முழுமையான வழிகாட்டி

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சின்ன வியாபாரங்களின் வலைத்தளங்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு இந்த வேலை கட்டாயம் வந்து சேரும். ஜெராக்ஸ் கடைத் தளத்தில் பிரிண்ட் எடுக்க அனுப்பிய பிடிஎஃப்கள் குவிந்து கிடக்கும். மாங்கூழ் ஆலைத் தளத்தில் சீசன் முழுக்க ஏற்றிய லாட் போட்டோக்கள் கிடக்கும். டிஸ்க் நிரம்பித் தளம் நின்ற பிறகுதான் பலர் அந்த ஃபோல்டரைத் திறந்தே பார்க்கிறார்கள்.

அழிக்கும் கட்டளை ஒரே வரிதான். பர்கூர், செட்டிக்கரை இன்ஜினியரிங் காலேஜ்களில் படித்துவிட்டு வேலைக்கு வரும் பிள்ளைகள் அந்த வரியை ஐந்து நிமிடத்தில் எழுதிவிடுகிறார்கள். தடுக்கி விழுவது வேறு இடத்தில்: வரியை முதலில் எழுதிவிட்டு, எதை அழிக்கக் கூடாது என்று பிறகு யோசிக்கிறார்கள். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

லினக்ஸ் சர்வர், பிஎச்பியில் ஓடும் தளம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கட்டளைகளின் பெயர்களைத் தமிழில் எழுதியிருக்கிறேன்; சர்வரில் அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்க வேண்டும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளை அடிக்கும் வழி) மூலமாகவோ சிபேனல் (பிரவுசரில் சர்வரை நிர்வகிக்கும் பக்கம்) மூலமாகவோ சர்வருக்குள் நுழையும் வசதி வேண்டும். ஃபோல்டரின் முழுப் பாதை தெரிந்திருக்க வேண்டும். தளம் எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறது என்பதும் தெரிய வேண்டும். உபுண்டு, டெபியன் சர்வர்களில் அது பெரும்பாலும் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா.

அப்புறம் பேக்கப். இருக்கிறது என்று கேள்விப்பட்டால் போதாது. அதிலிருந்து ஏதாவது ஒரு ஃபைலை எடுத்து வேறு இடத்தில் வைத்துத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் பேக்கப் இருக்கிறது என்று பொருள். லினக்ஸில் கட்டளையால் அழித்த ஃபைல் எந்தக் குப்பைத்தொட்டிக்கும் போகாது, அப்படியே போய்விடும்.

2. எத்தனை நாள் என்பதைக் கடைக்காரரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

புதியவர்கள் பலர் 30 என்று தாங்களாகவே போட்டுவிடுகிறார்கள். அந்த எண்ணை முடிவுசெய்ய வேண்டியவர் ஃபைலின் சொந்தக்காரர். ஆனால் "எத்தனை நாள் வைக்கலாம்ணா?" என்று கேட்டால், "எல்லாம் இருக்கட்டும் தம்பி, அது பாட்டுக்குக் கெடக்கட்டும்" என்பதுதான் பதிலாக வரும். கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: "அண்ணா, பிரிண்ட் எடுத்து முடிச்ச ஃபைலைத் தேடி யாராவது திரும்ப வந்தா, எத்தனை நாளுக்குள்ள வர்றாங்க?" இதற்கு அவரிடம் அனுபவத்திலிருந்து பதில் இருக்கும். "ரெண்டு மூணு நாளுக்குள்ள வருவாங்க" என்றால் 7 நாள் போதும்.

ஜெராக்ஸ் கடை ஃபைல்களில் ஆதார் நகல், சாதிச் சான்றிதழ், பேங்க் பாஸ்புக் பக்கம் எல்லாம் இருக்கும். டிஸ்க் காலியாக இருந்தாலும் இவற்றை வைத்திருக்கக் கூடாது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், வாங்கிய நோக்கம் முடிந்ததும் தகவலை அழிக்கச் சொல்கிறது. வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னால் மட்டுமே விலக்கு.

அப்படி வைத்திருக்கச் சொல்லும் சட்டமும் உண்டு. ஜிஎஸ்டி சட்டத்தின் 36-வது பிரிவுப்படி கணக்கு ஆவணங்களை, அந்த ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். பாலக்கோட்டுத் தக்காளி மண்டிக்கு நீங்கள் பில் போடும் தளம் செய்து கொடுத்திருந்தால், அந்த பில் பிடிஎஃப்கள் இந்த ஸ்கிரிப்ட்டின் கண்ணிலேயே படக் கூடாது. மாங்கூழ் லாட் போட்டோக்களும் அப்படித்தான். ஏற்றுமதியான சரக்கைப் பற்றி வாங்கியவர் பல மாதம் கழித்துக் கேள்வி கேட்பார். அதை ஆலைக்காரர் சொல்லாவிட்டால் உங்களுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

ஃபோல்டர் பெயர், எந்த வகை ஃபைல், எத்தனை நாள், யார் சொன்னது என்று நான்கையும் எழுதி, அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி 'சரி' வாங்கிக்கொள்ளுங்கள்.

3. அழியப் போகும் ஃபைல்களுக்குத் தனி ஃபோல்டர்

ஒரே 'அப்லோட்ஸ்' ஃபோல்டரில் கடையின் லோகோ, விலைப்பட்டியல், வாடிக்கையாளர் ஃபைல் எல்லாம் கலந்து கிடந்தால், ஸ்கிரிப்ட்டுக்கு வித்தியாசம் தெரியாது. லோகோதான் இருப்பதிலேயே பழைய ஃபைல், அதனால் முதலில் போவதும் அதுதான். நிலையானவற்றை முதலில் வேறு ஃபோல்டருக்கு மாற்றுங்கள். ஸ்கிரிப்ட்டுக்குள் விதிவிலக்குப் பட்டியல் எழுதிச் சமாளிக்கலாம் என்று தோன்றும். அடுத்து வருபவர் புது லோகோ ஏற்றும்போது அந்தப் பட்டியலைப் பார்க்க மாட்டார்.

முடிந்தால் வாடிக்கையாளர் ஃபைல்களின் ஃபோல்டரை இணையத்தில் நேரடியாகத் திறக்க முடியாத இடத்தில், அதாவது தளத்தின் பொது ஃபோல்டருக்கு வெளியே வையுங்கள். அழியும் வரைக்கும் அவை பாதுகாப்பாக இருக்க வேண்டுமே.

ஃபைலின் விவரம் டேட்டாபேஸிலும் இருந்தால், அழிக்கும் வரிசை முக்கியம். டேட்டாபேஸ் பதிவை முதலில் நீக்கி, ஃபைலை அடுத்து அழியுங்கள். நடுவில் ஸ்கிரிப்ட் நின்றுபோனால், யாருக்கும் தெரியாமல் ஒரு ஃபைல் மிஞ்சும். அடுத்த நாள் ஓட்டத்தில் அது வயதின்படி அழிந்துவிடும். தலைகீழாகச் செய்து நடுவில் நின்றால், தளத்தில் பெயர் தெரியும், தட்டினால் பிழை வரும், கடைக்கு போன் வரும்.

4. 'பழைய' என்பதை எந்த நேரத்தை வைத்து அளப்பது

லினக்ஸில் ஒவ்வொரு ஃபைலுக்கும் முக்கியமாக மூன்று நேரங்கள் உண்டு. எம்டைம் என்பது உள்ளடக்கம் கடைசியாக மாறிய நேரம். ஏடைம் கடைசியாகப் படிக்கப்பட்ட நேரம். சிடைம் என்பதை உருவான நேரம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது ஃபைலின் அனுமதி, பெயர், உள்ளடக்கம் போன்றவற்றில் கடைசியாக மாற்றம் நடந்த நேரம்.

ஏடைமை நம்பாதீர்கள். வேகத்துக்காக லினக்ஸ் ஒவ்வொரு முறை படிக்கும்போதும் அதைப் புதுப்பிப்பதில்லை. நமக்குப் பொதுவாக எம்டைம் போதும், அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பிரவுசர் வழியாக ஏற்றிய ஃபைலுக்கு ஏற்றிய நேரமே எம்டைம் ஆகும். ஜிப்பைப் பிரித்தாலோ, பழைய தேதியைக் காப்பாற்றும் முறையில் வேறு சர்வரிலிருந்து நகலெடுத்தாலோ, பழைய தேதி அப்படியே வந்துவிடும். இன்று காலை வந்து இறங்கிய ஃபைல், இன்றிரவே 'இரண்டு வருடம் பழையது' என்று அழிந்துபோகும்.

இதற்கு நான் பரிந்துரைப்பது, ஏற்றும்போதே அன்றைய தேதியில் ஒரு உள் ஃபோல்டர் உருவாக்கி (2025-06-14 மாதிரி) அதற்குள் போடுவது. தேதி பெயரிலேயே இருந்தால் எந்த நகலெடுப்பும் அதை மாற்றாது. தளத்தின் ஸ்கிரிப்ட் உங்கள் கையில் இல்லையென்றால் எம்டைமோடு போங்கள், ஆனால் அந்த ஃபோல்டருக்குள் ஜிப் பிரிப்பதை நிறுத்திவிடுங்கள்.

5. முதல் ஓட்டத்தில் பட்டியல் மட்டும்

இப்போதுதான் கட்டளை. ஃபைண்ட் என்று தொடங்கி, ஃபோல்டரின் முழுப் பாதை, பிறகு -டைப் எஃப் (ஃபைல்கள் மட்டும் என்று பொருள்), பிறகு -நேம் என்று போட்டு மேற்கோளுக்குள் நட்சத்திரம், புள்ளி, பிடிஎஃப். பிறகு -எம்டைம் +6, கடைசியில் -பிரிண்ட். இது அழிக்காது, காட்டும்.

7 நாள் என்று முடிவுசெய்துவிட்டு ஏன் +6? ஃபைண்ட் வயதை 24 மணி நேரத் துண்டுகளாக எண்ணி, மிச்சத்தை விட்டுவிடும். 7 நாள் 23 மணி நேரமான ஃபைலும் அதற்கு 7 தான். +7 என்றால் 'ஏழுக்கு மேல்', அதாவது எட்டு நாள் முடிந்தவை மட்டுமே சிக்கும். கூட்டல் குறியை மறந்து வெறும் 7 போட்டால், சரியாக ஏழாம் கணக்கில் இருப்பவை மட்டும் வரும், அதைவிடப் பழையவை எல்லாம் என்றைக்கும் தப்பித்துக்கொண்டே இருக்கும். இது அடிக்கடி பார்க்கும் பிழை.

வரும் பட்டியலை மேலோட்டமாக உருட்டிவிட்டுப் போகாதீர்கள். இருப்பதிலேயே புதிய தேதி உள்ள ஃபைல் எது என்று பாருங்கள். எல்லையைத் தாண்டி ஒன்று வந்திருந்தால் கணக்கு தப்பு. மொத்த எண்ணிக்கையையும் கடைக்காரர் சொன்ன தினசரி வரவையும் ஒப்பிடுங்கள். பிறகு பட்டியலில் நாலைந்தை எடுத்துத் திறந்தே பாருங்கள்.

பட்டியல் சரியென்றால் -பிரிண்ட் இருந்த இடத்தில் -டெலிட் போடலாம். இடம் மாறக் கூடாது. ஃபைண்ட் இடமிருந்து வலமாகப் படித்துச் செய்துகொண்டே போகும். -டெலிட் முன்னால் வந்துவிட்டால், வயதைப் பார்க்கும் முன்பே அழித்துவிடும். ஃபோல்டர் மொத்தமும் காலி.

இன்னொன்று. ஒரு உள் ஃபோல்டரை மட்டும் விட்டுவிட -ப்ரூன் போடுவார்கள். பட்டியல் எடுக்கும்போது அது ஒழுங்காக வேலை செய்யும். -டெலிட் வந்ததும், ஆழத்திலிருந்து மேலே வரும் முறை தானாகச் சேர்ந்துவிடும், அந்த முறையில் -ப்ரூனுக்குப் பலன் கிடையாது. இப்போதைய ஃபைண்ட் பெரும்பாலும் பிழை காட்டி நின்றுவிடும்; அதைத் தாண்ட -டெப்த் சேர்த்து ஓட்டினால், சோதித்துப் பார்த்துப் பத்திரம் என்று நம்பிய ஃபோல்டருக்குள் இருப்பவையும் போய்விடும். தனி ஃபோல்டர் என்று மூன்றாம் படியில் வலியுறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

6. பிஎச்பியில் எழுதினால்

ஒரே ஃபோல்டர், ஒரே விதி என்றால் ஃபைண்ட் போதும். டேட்டாபேஸும் சேர்ந்தால் பிஎச்பி வசதி. இந்த வரிசையில் எழுதுங்கள்.

முதலில் பாதையை ஸ்கிரிப்ட்டுக்குள் முழுசாக எழுதி, ரியல்பாத் (உண்மையான முழுப் பாதையைத் தரும் செயற்கூறு) வழியாகச் சரிபாருங்கள். கிடைத்த பாதை காலியாகவோ எதிர்பார்த்ததற்கு வேறாகவோ இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். காலியான பாதையோடு ஒரு சாய்கோடு சேர்ந்தால் சர்வரின் வேர் ஃபோல்டராகிவிடும். பாதையை வலை முகவரியிலிருந்து ஒருபோதும் வாங்காதீர்கள்.

அடுத்து எல்லை நேரம்: இப்போதைய நேரத்திலிருந்து நாட்களை 86400 வினாடியால் பெருக்கிக் கழியுங்கள். இதைச் சுற்றுக்கு வெளியே ஒரு முறை மட்டும் கணக்கிடுங்கள். ஓட்டம் நீண்டாலும் எல்லை நகராது.

பிறகு டைரக்டரிஇட்டரேட்டர் கொண்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். பலர் பழக்கத்தில் க்ளாப் போடுகிறார்கள். அது எல்லாப் பெயர்களையும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் ஏற்றும். லட்சம் ஃபைல் உள்ள ஃபோல்டரில் மூச்சு முட்டும். ஒவ்வொன்றிலும் இது இணைப்பா, ஃபோல்டரா, புள்ளியில் தொடங்கும் பெயரா என்று பார்த்துத் தள்ளிவிடுங்கள். எச்டிஅக்சஸ் மாதிரி, யார் எதைத் திறக்கலாம் என்று கட்டுப்படுத்தும் ஃபைல் அழிந்தால் தளத்தின் பூட்டே போய்விடும். அழிக்கலாம் என்ற நீட்சிகளை மட்டும் அனுமதியுங்கள்: பிடிஎஃப், ஜேபிஜி, பிஎன்ஜி என. அழிக்கக் கூடாதவற்றின் பட்டியல் போட்டால், மறந்துபோன ஒன்று எப்போதும் இருக்கும்.

ஃபைல்எம்டைம் செயற்கூற்றைப் பயன்படுத்தினால் ஒன்றைக் கவனியுங்கள். நேரத்தைப் படிக்க முடியாவிட்டால் அது ஃபால்ஸ் தரும். பிஎச்பியில் ஃபால்ஸை எல்லை நேரத்தோடு ஒப்பிட்டால் 'சிறியது' என்றே பதில் வரும். படிக்கவே முடியாத ஃபைல் 'பழையது' ஆகிவிடும். ஃபால்ஸா என்று மூன்று சமக்குறி போட்டுத் தனியாகச் சோதித்து, ஆம் என்றால் விட்டுவிடுங்கள்.

தகுதியான பெயர்களைச் சேர்த்து முடித்த பிறகு, எண்ணிக்கையைப் பாருங்கள். வழக்கமாக நாளைக்கு 150 ஃபைல் அழியும் இடத்தில் 5000 வந்தால், எதையும் தொடாமல் நின்று தகவல் அனுப்ப வேண்டும். சர்வர் கடிகாரம் தாவியிருக்கலாம், யாரோ நாள் எண்ணை மாற்றியிருக்கலாம். இந்த உச்சவரம்பை எழுதாமல் எந்த அழிக்கும் ஸ்கிரிப்ட்டையும் சர்வரில் விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கடைசியில்தான் அன்லிங்க், அதாவது அழிக்கும் செயற்கூறு. அது தரும் பதிலைப் பார்த்து, அழிந்ததா இல்லையா என்று லாகில் (நடந்ததைக் குறித்துவைக்கும் ஃபைலில்) எழுதுங்கள். ஸ்கிரிப்ட்டைச் சும்மா ஓட்டினால் பட்டியல் மட்டும் காட்டட்டும். கூடவே 'அழி' என்று பொருள்படும் ஒரு சொல்லைக் கொடுத்தால் மட்டும் அழிக்கட்டும். இந்த ஸ்கிரிப்ட் ஃபைல் தளத்தின் பொது ஃபோல்டரில் இருக்கக் கூடாது. முகவரி தெரிந்தவர் எவரும் ஓட்டிவிடலாம்.

7. முதல் சில வாரம் ஒதுக்கி வையுங்கள்

நேரடியாக அழிப்பதற்குப் பதில், பொது ஃபோல்டருக்கு வெளியே ஓர் ஒதுக்கு ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். யாரும் கேட்டு வராவிட்டால் அங்கிருந்து அழியுங்கள். நகர்த்தும்போது எம்டைம் மாறாது. அதனால் ஒதுக்கு ஃபோல்டரில் எம்டைமை வைத்து ஏழு நாள் எண்ணினால், நகர்த்திய அன்றே எல்லாம் அழியும். நகர்த்திய தேதியில் ஒரு உள் ஃபோல்டர் போட்டு, அந்தப் பெயரை வைத்து எண்ணுங்கள்.

ஒரே டிஸ்க்கில் நகர்த்தினால் இடம் மிச்சமாகாது. டிஸ்க் ஏற்கெனவே நிரம்பியிருந்தால், முதல் குவியலைக் கையால் பார்த்து அழித்துவிட்டு இந்த முறைக்கு வாருங்கள்.

8. அனுமதி

ஒரு ஃபைலை அழிக்க, அது இருக்கும் ஃபோல்டரில் எழுதும் அனுமதி வேண்டும். ஃபைலின் அனுமதியை எவ்வளவு மாற்றினாலும் பலன் இல்லை. 'பெர்மிஷன் டினைட்' வந்ததும் ஃபோல்டருக்கு 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) போடுவது, இல்லை ரூட்டில் (முழு அதிகாரமுள்ள பயனரில்) ஓட்டுவது என்று இறங்கிவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். தளம் எந்தப் பயனரில் ஓடுகிறதோ, அதே பயனரின் கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டும் வசதியில்) போடுங்கள். ஸ்கிரிப்ட்டில் பிழை இருந்தாலும் சேதம் அந்தப் பயனரின் எல்லையைத் தாண்டாது.

9. கிரானில் ஏற்றுவது

கிரான் வரியில் முதல் ஐந்து இடங்கள் நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. அதிகாலை 2:30-க்கு ஓட வேண்டும் என்றால் 30 2 * * * என்று எழுதத் தோன்றும். பல வாடகை சர்வர்கள் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன, நாம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அந்த வரி நமக்குக் காலை 8 மணி, கடை திறக்கும் நேரம். யுடிசி சர்வரில் 0 21 * * * என்று எழுதினால்தான் நம்முடைய 2:30. டைம்டேட்சிடிஎல் கட்டளை சர்வரின் நேரத்தைக் காட்டும்.

பேக்கப் முடிந்த பிறகு அழிப்பு ஓடட்டும். முன்பே ஓடினால் அன்று அழிந்தவற்றின் கடைசி நகல் பேக்கப்பில் இருக்காது.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் ஓடவில்லை என்றால் முதலில் பாதைகளைப் பாருங்கள். கிரானுக்கு உங்கள் சூழல் தெரியாது. பிஎச்பி, ஸ்கிரிப்ட், லாக் எல்லாவற்றுக்கும் முழுப் பாதை கொடுங்கள். அடுத்தது சதவீதக் குறி: கிரான் வரிக்குள் தேதி வடிவத்துக்காக அதை எழுதினால் கிரான் வரியை அங்கேயே முறித்துக்கொள்ளும், முன்னால் பின்சாய்கோடு வேண்டும். ஒரு ஓட்டம் முடியும் முன் அடுத்தது தொடங்காமலிருக்க, கட்டளைக்கு முன் எஃப்லாக் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சர்வர் கடையிலேயே இருக்கும் கணினி என்றால், ஷட்டர் இறக்கும்போது அதையும் அணைத்துவிடுவார்கள். அதிகாலைக் கிரான் ஓடவே ஓடாது. அங்கே அனகிரான் போடுங்கள், அல்லது சிஸ்டம்டி டைமரில் பெர்சிஸ்டென்ட் (இதன் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து) என்பதை ட்ரூ என்று வையுங்கள். கணினியைப் போட்டதும் விட்டுப்போனது ஓடும்.

10. அழித்தும் இடம் வரவில்லை என்றால்

ஏதோ ஒரு நிரல் அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கலாம். பெயர் மறைந்தாலும், மூடும் வரை டிஸ்க் இடம் விடுபடாது. எல்எஸ்ஓஎஃப் கட்டளையோடு +எல்1 (இந்த எல் மட்டும் பெரிய எழுத்து) சேர்த்தால் எந்த நிரல் என்று காட்டும். லாக் ஃபைல்களில்தான் இது அதிகம் நடக்கும். அவற்றுக்கு இந்த ஸ்கிரிப்ட் வேண்டாம், பழைய லாகை மாற்றி அழிக்கும் லாக்ரொட்டேட் இருக்கிறது.

டிஸ்க்கில் இடம் இருந்தும் 'இடமில்லை' என்று வந்தால் டிஎஃப் -ஐ போட்டுப் பாருங்கள். குட்டி ஃபைல்கள் லட்சக்கணக்கில் சேர்ந்து ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு இடம்) தீர்ந்திருக்கும்.

ஆதார் நகல் போன்றவை என்றால், பேக்கப்பில் எத்தனை நாள் தங்குகின்றன என்பதையும், தளத்துக்கு முன்னால் கேஷ் சேவை (நகல் வைத்து வேகமாகக் காட்டுவது) இருந்தால் அங்கே நகல் நிற்கிறதா என்பதையும் பாருங்கள். சர்வரில் மட்டும் அழித்துவிட்டு 'அழித்துவிட்டோம்' என்று வாடிக்கையாளரிடம் சொல்ல முடியாது.

11. லாகைப் பார்ப்பது

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு வரி போதும்: தேதி, பார்த்தது எத்தனை, அழித்தது எத்தனை, முடியாதது எத்தனை. வாரம் ஒரு முறை பாருங்கள். 'அழித்தது 0' என்பது தனியாகப் பிழையாகாது, மாங்கூழ் ஆலைத் தளத்தில் சீசன் இல்லாத மாதங்களில் அது சகஜம். 'பார்த்தது' ஏறிக்கொண்டே போய் 'அழித்தது' பூஜ்ஜியத்திலேயே நின்றால், அனுமதியிலோ நாள் கணக்கிலோ கோளாறு. லாகில் வரியே இல்லையென்றால் கிரான் ஓடவில்லை.

மே, ஜூனில் ஆலைத் தளத்தில் ஏறும் தற்காலிக ஃபைல்கள் 30 நாள் விதியில் ஜூன், ஜூலையில் மொத்தமாக அழியத் தொடங்கும். அப்போது ஆறாம் படியில் போட்ட உச்சவரம்பு ஸ்கிரிப்ட்டை நிறுத்தும். அதைப் பார்த்ததும் வரம்பையே எடுத்துவிடாதீர்கள். பட்டியலை ஒரு முறை கையால் ஓட்டிப் பார்த்து, எண்ணிக்கை சீசனுக்கு ஏற்றதுதான் என்று தெரிந்தால் வரம்பை அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் உயர்த்துங்கள். ஆகஸ்ட் முதல் தேதிக்குப் பழைய எண்ணுக்குத் திருப்ப, போன் காலண்டரில் இப்போதே ஒரு நினைவூட்டல் போட்டுவிடுங்கள்.